காகிதம் அடைத்த கேசட்

பள்ளிச் சான்றிதழில் எனக்கு ஒரு பிறந்த தேதி, ஆதார் அட்டையில் இன்னொரு பிறந்த தேதி. இரண்டுக்கும் ஏழு மாத வித்தியாசம். திருப்பூரில் நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில், இதைச் சரிசெய்துகொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். படித்த பள்ளிக்கூடம் செங்கல்பட்டில் இருக்கிறது. மூன்று நாள் லீவு போட்டேன். மனைவி புளிசாதம் கட்டிக் கொடுத்தாள். சான்றிதழ் நகல் வாங்கப் போகிறேன் என்று அவளிடம் சொன்னது பொய் இல்லை. துவைத்த லுங்கிக்கு நடுவில் ஒரு கேசட்டைச் சுற்றி வைத்திருந்ததை மட்டும் சொல்லவில்லை.

செங்கல்பட்டில் இறங்கியதும் ரயில் நிலையத்துக்கு எதிரே நாஸ்தா. இட்லிக்கு வடகறி. திருப்பூரில் வடகறி கேட்டால் வடையை ஒரு தட்டிலும் குருமாவை ஒரு கிண்ணத்திலும் கொண்டுவந்து வைப்பார்கள். இங்கே தட்டைத் தள்ளிவிட்டு, "இன்னா, நின்னுகினே துன்னப் போறியா? உக்காரு" என்றார் சர்வர். சொல்லுக்குச் சொல் 'ங்க' கேட்டுப் பழகிய காதுக்கு அது திட்டு வாங்கியது போல இருந்தது. உட்கார்ந்து பாதி இட்லி உள்ளே போன பிறகுதான் அது திட்டு இல்லை, உபசாரம் என்று ஞாபகம் வந்தது.

பள்ளியில் கிளார்க் அம்மா பழைய பதிவேட்டைப் பொறுமையாகத் தேடி என் பெயரைக் கண்டுபிடித்துவிட்டார். "ஹெச்.எம். டிரெய்னிங் போயிருக்காங்க சார். நாளான்னிக்கு மதியம் வாங்க. கையெழுத்து அவங்கதான் போடணும்." அந்தப் பள்ளியில் என்னை சார் என்று யாரும் கூப்பிட்டதில்லை. தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தேன். நடுவில் ஒரு முழு நாள் இருந்தது. நேரம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள வழியில்லாமல் போனது.

அந்தக் கேசட்டைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பத்தாவது முடித்ததும் நான் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கேசட் ரெக்கார்டிங் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். ஆட்கள் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். நான் பதிந்து வைப்பேன். யாரிடமும் அதிகம் பேச வேண்டாம். கூச்சக்காரனுக்கு அதைவிட நல்ல வேலை கிடையாது. அங்கே வந்து பழக்கமானவன் ஏழுமலை. மாமல்லபுரத்துக்கு வடக்கே, நெம்மேலி போகிற வழியில் ஒரு குப்பத்துக்காரன். என் வயதுதான். என்னை 'டேப்பு' என்று கூப்பிடுவான்.

அவனுடைய அண்ணன் கன்னியப்பன் மாமல்லபுரத்துக்கு வரும் வெள்ளைக்காரர்களைப் படகில் ஏற்றிக் கடலைச் சுற்றிக் காட்டுவான். அப்படியே இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொண்டவன். ஊருக்குத் திரும்பிய ஒருவர் அவனிடம் ஒரு டேப் ரெக்கார்டரையும் ஒரு கேசட்டையும் விட்டுப் போனார். அட்டையில் பாதி உடைந்த ஒரு பாலத்தின் படம். ஒரு பக்கம் முழுக்க ராக் பாட்டுகள். மறுபக்கம் காலி. அந்தக் காலிப் பக்கத்தில் கன்னியப்பன் ஐஸ் பெட்டியில் தாளம் போட்டு, தானே அந்தப் பாட்டுகளைப் பாடிப் பதிந்து வைத்தான்.

ஏழுமலை கேசட்டைக் கடைக்குக் கொண்டுவருவான். இருவரும் இரண்டு பக்கத்தையும் மாற்றி மாற்றிக் கேட்போம். அதில் ஒரு பாட்டு. நனைந்த செருப்போடு ஒருவன் ஆற்றங்கரைக்கு வருகிறான். ஆறே, உன்னிடம் வந்தவர்கள் எல்லோரும் எதையாவது கேட்டார்கள், நான் திருப்பித் தர வந்திருக்கிறேன் என்கிறான். வார்த்தை அவ்வளவுதான். மிச்சமெல்லாம் கிடார். கன்னியப்பன் பாடும்போது ஆற்றை எடுத்துவிட்டுக் கடலைப் போட்டுவிடுவான். "இங்க ஆறு எங்க கீது? கடலுதான கீது" என்பானாம். இரண்டாவது வரியில் மூச்சு போதாமல் நடுவில் ஒருமுறை சிரிப்பான்.

ஓர் ஐப்பசி மாதம் கடலுக்குப் போன கன்னியப்பன் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து ஏழுமலை கேசட்டை என்னிடம் கொடுத்தான். "இன்னொரு காப்பி போட்டுக் குடு டேப்பு. இது அறுந்துச்சின்னா அம்மா தாங்காது." கேசட்டின் மேல் விளிம்பில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் தகடுகள் இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால் அந்தக் கேசட்டில் வேறு எதையும் பதிய முடியாது. யாரும் தெரியாமல் அழித்துவிடக் கூடாது என்று இரண்டையும் அவனே உடைத்துவைத்திருந்தான்.

ஆனால் எங்களைப் போன்ற ரெக்கார்டிங்காரர்களுக்கு அது ஒரு தடையே இல்லை. பழைய கேசட்டுகளை எடுத்து, அந்த ஓட்டையில் ஒரு துண்டுக் காகிதத்தை மடித்து அடைத்து, மேலே புதுப் பாட்டு பதிந்து கொடுப்பது தினமும் செய்கிற வேலை. அடுத்த நாள் ஒரு மஞ்சள் நீராட்டு விழாவுக்குப் பாட்டு கேட்டு ஒருவர் கடையில் நின்றுகொண்டிருந்தார். அவர் கொடுத்த பழைய கேசட்டும் ஏழுமலையின் கேசட்டும் ஒரே கம்பெனி, மேசையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. கைப்பழக்கத்தில் ஒன்றை எடுத்தேன், காகிதத்தை அடைத்தேன், பதிந்தேன். ஒரு பக்கம் முடிந்து திருப்பிப் போட்டபோது கிடார் சத்தம் வந்தது. அப்போதுதான் தெரிந்தது.

மெஷின் டேப்பை அறுத்துவிட்டது, குப்பையில் போட்டுவிட்டேன் என்று ஏழுமலையிடம் சொன்னேன். அவன் நம்ப முயன்றான். அவனுடைய அம்மா நம்பவில்லை. கடைசியில் குப்பத்து அம்மன் கோயிலில் கற்பூரம் ஏற்றி, அதை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். செய்தேன். தோல் பொசுங்கியது கூட அப்போது தெரியவில்லை. கேசட் அந்த நேரத்தில் என் வீட்டில் அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்தது. அடுத்த மாதமே திருப்பூருக்குப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு எந்தக் கோயிலிலும் ஆரத்தித் தட்டு அருகில் வரும்போது என்னால் நிற்க முடியவில்லை. செருப்பைப் பார்க்கப் போவது போல வெளியே வந்துவிடுவேன். சாமி வேண்டும் போல இருக்கும்போது என்னிடம் இருந்தது அந்தப் பாட்டு ஒன்றுதான். அகராதி வாங்கி ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தேன். மனைவிக்கு வயிற்றில் பெரிய ஆபரேஷன் நடந்த அன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்த வரியைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். எல்லோரும் கேட்டார்கள், நான் திருப்பித் தர வந்திருக்கிறேன். இந்த உயிர் இரவல் வாங்கியது, கேட்டால் கொடுத்துவிட வேண்டியதுதான் என்று அதற்கு நானாக ஓர் அர்த்தம் செய்துகொண்டேன். அவள் பிழைத்தாள். நான் காலையில் ஏதோ சுலோகம் முணுமுணுக்கிறேன் என்று இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

மறுபக்கத்தை மட்டும் ஒருநாளும் போட்டுக் கேட்டதில்லை.

இரண்டாம் நாள் காலை மாமல்லபுரம் பஸ். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் பெரிதாக ஒரு சத்தம் கேட்டு நின்றுவிட்டது. டிரைவர் இறங்கிப் பார்த்துவிட்டு ஒரு மரத்தடியில் உட்கார்ந்தார். கல்பாக்கம் போகிற ஒரு குடும்பம், பேச்சைக் கேட்டால் திருநெல்வேலிப் பக்கம், சாலையிலேயே துண்டு விரித்து முறுக்கு டப்பாவைத் திறந்தது. அந்த அம்மா எனக்கும் இரண்டு கொடுத்தார். "எங்க போறீய?" என்று கேட்டார். "ஒரு சிநேகிதனைப் பார்க்க" என்றேன். "ரொம்ப நாள் கழிச்சோ?" ஆமாம் என்றேன். "அப்பொ வெறுங்கையோடவா போவீய?" என்று என் பையைப் பார்த்தார். பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

ஷேர் ஆட்டோ பிடித்து மாமல்லபுரம் போய்ச் சேர்ந்தேன். கல் உளிச் சத்தம் மாறவில்லை. எதிர்வெயிலில் வரிசையாகப் பிள்ளையார், புத்தர். குப்பத்துக்கு உடனே போகக் கால் வரவில்லை. ஒரு டீக்கடையில் உட்கார்ந்தேன். எதிர் பெஞ்சில் வெள்ளைத் தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரர், எழுபது வயது இருக்கும். அவருடைய பனியனில் பாதி உடைந்த அதே பாலம். பனியன் தையலைப் பார்ப்பது என் தொழில். அன்று தையல் கண்ணில் படவில்லை.

நான் முன்பின் தெரியாதவர்களிடம் நேரம் கூடக் கேட்கமாட்டேன். இரண்டு டீ குடித்த பிறகு, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அந்தப் பாட்டைப் பற்றிக் கேட்டேன். முகம் மலர்ந்து காற்றில் கிடார் வாசித்துக் காட்டினார்.

"வார்த்தையா? அதை யார் கவனித்தோம்? கிடாருக்காகத்தான் கேட்போம்" என்றார். "அதில் என்னதான் சொல்கிறான்?"

இவ்வளவு தூரம் வந்தவருக்கு அவர் பாட்டின் அர்த்தத்தை நான் சொல்ல வேண்டியதாயிற்று. எல்லோரும் ஆற்றிடம் கேட்க வருகிறார்கள், இவன் மட்டும் திருப்பித் தர வருகிறான் என்றேன்.

"எதை?" என்று கேட்டார்.

சாதாரணமாகத்தான் கேட்டார். உயிரை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். இத்தனை வருடம் அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தேன். மடியில் இருந்த பைக்குள் கேசட்டின் மூலை தொடையில் குத்திக்கொண்டிருந்தது. டீக்குக் காசை வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். அவர் என்ன நினைத்தாரோ.

ஏழுமலை வலை பிரித்துக்கொண்டிருந்தான். தலை நரைத்து, வயிறு வைத்திருந்தான். என்னை ஒரு முழு நிமிடம் பார்த்தான்.

"டேய், டேப்பு. இப்பதான் வழி தெரிஞ்சிதா உனக்கு? நீ செத்துட்டன்னு நெனச்சிகினு கீறேன்." எழுந்து வந்து என் பையைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டான். "வூட்டுக்கு வா. மொதல்ல சாப்புடு. மெலிஞ்சி துரும்பா கீற."

சங்கரா மீன் குழம்பும் வறுத்த நெத்திலியும். திருப்பூரில் மீன் ஐஸில் வந்து ஐஸிலேயே கிடக்கும், இந்த ருசி கிடையாது. எதையும் சொல்லாமலேயே நான் சாப்பிட்டேன். இரண்டாவது முறை சோறும் வாங்கிக்கொண்டேன். மூன்று நாள் பயணத்தில் இன்றைக்கும் நினைத்தால் குறுகிப் போவது அந்த இரண்டாவது சோற்றுக்குத்தான்.

அவன் மனைவியிடம் என்னைக் காட்டினான். "இவன்தான் டேப்பு. சொல்லிகீறேன் இல்ல? தப்பு பண்ணாதவனக் கூட்டாந்து கற்பூரம் அடிக்க வெச்சேன். அந்தப் பாவந்தான் இன்னும் சுத்தினு கீது. கடல்ல ரெண்டு போட்டு போச்சு, நல்ல போட்டு." என் பக்கம் திரும்பினான். "கை காட்டு. தழும்பு கீதா? தேடி வந்து மன்னிப்பு கேக்கணும்னு இருந்தேன். திருப்பூர்ல எங்கன்னு வந்து தேடுவேன்?"

என் உள்ளங்கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான். தழும்பு ஒன்றும் இல்லை. கையை இழுத்துக்கொண்டேன்.

"ஏழுமலை, மெஷின் அறுக்கல."

"இன்னா?"

"அந்தக் கேசட்ட மெஷின் அறுக்கல. நான்தான் அழிச்சேன். தெரியாம அதுமேல வேற பாட்டு புடிச்சிட்டேன். பயந்துகினு பொய் சொன்னேன்." ஊரை விட்டுப் போன பிறகு வாயில் வராத பேச்சு அப்போது தானாக வந்தது.

பையைத் திறந்து கேசட்டை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். அவன் அதைத் தொடாமல் பார்த்தான். பிறகு எடுத்து, மேல் விளிம்பை விரலால் தடவினான். ஒரு ஓட்டையில் காகிதம் அப்படியே இருந்தது. நகத்தால் அதைக் கெல்லி எடுத்தான்.

"இத நான் ஒடச்சேன்."

"ஆமா."

"நீ அடச்ச."

"ஆமா."

அவன் மனைவி தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஏழுமலை என்னை அடித்திருக்கலாம். அடித்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"அம்மா அன்னிக்கே சொல்லிச்சு," என்றான். "அவன் கண்ணப் பாருடா, பொய் சொல்றான்னு. கற்பூரம் அடிச்சவன சந்தேகப்படறியான்னு அதுகிட்ட சண்ட போட்டேன். ரெண்டு மாசம் பேசல. நீ சொன்னதுதாம்மா கரெக்ட்டுன்னு இப்போ போயி சொல்லலாம்னா, அது இல்ல."

கேசட்டோடு எழுந்தான்.

"டில்லிகிட்ட பழைய செட்டு ஒண்ணு கீது. வா."

டில்லி கோயில் விழாக்களுக்கு மைக் செட் வைப்பவர். கேசட் போடுகிற பழைய ஆம்ப்ளிஃபயரைத் தூசி தட்டி எடுத்தார். உள்ளே பெல்ட் தளர்ந்திருந்தது. ஒரு ரப்பர் பேண்டை மாட்டினார். "இன்னா அண்ணாத்த, சாமிப் பாட்டா?" என்று கேட்டவர், ஏழுமலையின் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

"மறுபக்கம்" என்றான் ஏழுமலை. "அதுல ஒண்ணும் இருக்காது" என்றேன். "தெரியும். போடு."

முதலில் இரைச்சல். பிறகு ஓர் ஆள் குரல், மிகப் பக்கத்தில், "ஏய், ஓடுதா?" என்று கேட்டது. உடனே நாதஸ்வரம் இடித்துக்கொண்டு வந்தது, மஞ்சள் நீராட்டுப் பாட்டு.

டில்லி சட்டென்று நிறுத்தினார்.

எனக்குக் காரணம் புரிந்துவிட்டது. கேசட்டின் தொடக்கத்தில் பதியாத வெற்று நாடா கொஞ்சம் இருக்கும். பாட்டின் தலை வெட்டுப்படக் கூடாது என்று பென்சிலை விட்டு நாலு சுற்று கூடுதலாகச் சுற்றிவிட்டுத்தான் நான் பதிவேன். அந்த நாலு சுற்றில் கன்னியப்பனுடைய இரண்டு சொல் தப்பியிருக்கிறது. இருபத்தெட்டு வருடம் பீரோவில் என் சட்டைகளுக்கு அடியில் அவன் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். ஒருமுறை போட்டுப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அந்த அம்மா உயிரோடு இருந்தபோதே இதைக் கேட்டிருக்கலாம்.

"திருப்பிப் போடு" என்றான் ஏழுமலை. டில்லி போட்டார். மறுபடியும். மறுபடியும். "நாடா அறுந்துடும் அண்ணாத்த" என்று டில்லி சொன்ன பிறகு, "அப்டின்னா திருப்பாத, முழுசும் ஓடட்டும்" என்றான். வேறு எங்காவது இன்னும் கொஞ்சம் தப்பியிருக்கும் என்று நினைத்தான் போல. கல்யாணப் பாட்டு, தாலாட்டுப் பாட்டு, நாத்தனார் கேலிப் பாட்டு. அரைமணி நேரம் அந்தப் பெட்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். இரண்டு பாட்டுக்கு நடுவில் இடைவெளி வரும்போதெல்லாம் தலையைச் சாய்ப்பான். என் வேலை சுத்தமான வேலை, இடைவெளியில் எதுவும் மிச்சமில்லை. கடைசியில் பட்டன் தானாக மேலே வந்தது.

கேசட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"நீ போ. காலைல கோயில்ல ஆத்தாகிட்ட சொல்லிட்டு ஊருக்குப் போ. என்கிட்ட சொன்னது பத்தாது."

"நீ வருவியா?"

"நான் இன்னாத்துக்கு?"

மூன்றாம் நாள் காலை குப்பத்துக் கோயிலுக்குப் போனேன். லாட்ஜில் குளித்த தலை காயவில்லை. பூசாரி விளக்கு துடைத்துக்கொண்டிருந்தார், யார் என்ன என்று கேட்கவில்லை. கற்பூரத்தை நானே ஏற்றினேன். நான் செய்ததைத் தணிந்த குரலில் வரிசையாகச் சொன்னேன். வேறு எதுவும் கேட்கவில்லை. சுடர் தானாக அணையும்வரை நின்றேன், இந்த முறை செருப்பைப் பார்க்க வெளியே போகவில்லை. மனம் லேசாகும் என்று சொல்வார்கள். எனக்கு அப்படி ஆகவில்லை. அந்த அம்மா உட்கார்ந்திருந்த இடம் எதுவாக இருக்கும் என்றுதான் கண் தேடியது.

மாமல்லபுரத்தில் செங்கல்பட்டு பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக இடம் கிடைத்தது. பள்ளிப் பிள்ளைகள், கூடைக்காரப் பெண்கள், நிற்க இடமில்லாத கூட்டம். டிரைவர் ஏறி என்ஜினை முடுக்கினார். பை லேசாக இருந்தது. அந்த வரியை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். நாக்கு கூசியது.

ஜன்னல் கம்பியை யாரோ தட்டினார்கள். ஏழுமலை. டி.வி.எஸ்.ஸை நடுரோட்டிலேயே போட்டுவிட்டு ஓடி வந்திருந்தான். கண் சிவந்திருந்தது.

"டேப்பு. அண்ணன் ரெண்டாவது வரில சிரிப்பான் பாரு. அது எங்க வரும்? எவ்ளோ யோசிச்சாலும் புடிபடல. வூட்டுல யாருக்கும் தெரியல. கேட்டவன் நீ ஒருத்தன்தான் மிச்சம். பாடு."

"இங்கியா?"

"பின்ன எங்க? பஸ்ஸு கெளம்பப் போவுது."

கையை உயர்த்தி ஜன்னலுக்கு நேராக செல்போனைப் பிடித்தான். நான் என் மனைவி முன்னால்கூட வாய்விட்டுப் பாடியதில்லை. பக்கத்தில் இருந்த கூடைக்காரப் பெண் என்னையே பார்த்தார். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்து, "யோவ், இன்னாய்யா அங்க பேஜாரு?" என்றார். "இருய்யா, ரெண்டு வரிதான்" என்றான் ஏழுமலை.

கழுத்தெல்லாம் வியர்த்தது. தொண்டையைச் சரிசெய்துகொண்டேன்.

"ஓடுதா?" என்று கேட்டேன்.

கேட்ட பிறகுதான் நான் கேட்டது என்ன என்று எனக்கே தெரிந்தது. அவன் செல்போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"ஓடுது. கடலுன்னே பாடு."

பாடினேன். பஸ் முழுக்கக் கேட்கும்படி, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், ஆற்றை எடுத்துவிட்டுக் கடலைப் போட்டு. எல்லோரும் கேட்டார்கள் என்பது முடிந்து, நான் என்று தொடங்குவதற்கு முன்னால் ஒரு மூச்சு இடம் இருக்கிறது. அங்கே நிறுத்தி, கன்னியப்பன் சிரித்தது போலவே சிரித்துவிட்டு, மிச்ச வரியைப் பாடினேன்.